ஊரை அளக்கும் கோல்

இரு பொருள்களை அருகருகே வைத்துப் பார்ப்பது மனித அறிவின் இயல்பு. குழந்தை இரு கைகளிலும் மாம்பழங்களை ஏந்தி எது பெரிது என்று பார்க்கிறது. வணிகன் இரு சரக்குகளை நிறுத்துப் பார்க்கிறான். புலவன் இரு சொற்களை ஒலித்துப் பார்த்து ஒன்றைக் கொள்கிறான், மற்றொன்றைத் தள்ளுகிறான். ஒப்பீடு இன்றி அறிவு வளர்ந்ததில்லை. ஆயினும் ஒப்பிடுவோன் கையில் பொருளுக்கேற்ற ஒரு கோல் இருத்தல் வேண்டும். பழத்தை எடையாலும் சுவையாலும் அளக்கலாம். துணியை முழத்தால் அளக்கலாம். பல இலட்சம் மக்கள் பிறந்தும் உழைத்தும் மடிந்தும் வாழும் ஒரு மாநகரை எதனால் அளப்பது?

இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. இருபது வயதை எட்டிய இளைஞரும் இளம்பெண்டிரும் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, பெற்றோர் துணையின்றி, நண்பர் குழுவின்றித் தனியே ஊர் காணப் புறப்படும் காலம் இது. திரும்பி வந்தவரிடம் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, “எந்த ஊர் நல்ல ஊர்?” என்பதே. அவரும் தயக்கமின்றி விடை சொல்லிவிடுகிறார். நான்கு நாள் பார்வையில் பிறந்த அவ்விடை நாற்பது ஆண்டுக் கருத்தாக நிலைத்துவிடுவதும் உண்டு. எங்கே படிப்பது, எங்கே பிழைப்பது, எவரை மதிப்பது, எவரை இகழ்வது என்பனவெல்லாம் அதனால் முடிவு செய்யப்படுகின்றன. சிலர் தாம் பிறந்த மண்ணையே தாழ்வாக எண்ணத் தொடங்குகின்றனர். ஆகவே, அவ்விடை எந்தக் கோலால் அளந்து பெறப்பட்டது என்று ஆராய்வது இன்றியமையாதது.

கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 350 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இவ்விரு நகரங்களும் பல வகையில் உடன்பிறப்புகள். சிங்கப்பூர் 1819ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத் தளமாக எழுந்தது. கோலாலம்பூர் 1857ஆம் ஆண்டையொட்டி, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் சேற்று முனையில், ஈயம் தேடி வந்தோரால் உருவாயிற்று. இரண்டும் வந்தேறிகளின் உழைப்பால் வளர்ந்தவை. தமிழர் சென்ற இடமெல்லாம் அன்னைக்கு ஒரு கோயில் எழுப்பினர் என்பதற்குச் சிங்கப்பூரில் 1827இலும் கோலாலம்பூரில் 1873இலும் தோன்றிய மாரியம்மன் கோயில்கள் சான்று. இரண்டு ஊர்களும் தீயைக் கண்டவை. 1881இல் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகள் எரிந்தன. 1961இல் சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பு எரிந்து, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். 1963 முதல் 1965 வரை இரண்டும் ஒரே நாட்டின் நகரங்கள். 1973 வரை இரண்டின் நாணயங்களும் சம மதிப்புடையனவாக ஒன்றுக்கொன்று மாற்றத் தக்கனவாய் இருந்தன.

ஒரே கொடியில் பூத்த இரு பூக்கள் நிறத்தால் வேறுபட்டு நிற்பது போல, இவை இன்று வேறுபட்டு நிற்கின்றன. ஆதலின், ஒப்பிடுவோர்க்கு இவற்றைவிடச் சிறந்த இணை கிடைப்பது அரிது.

ஈப்போவில் பிறந்த ஓர் இளைஞன் முதன்முறையாக இவ்விரு நகரங்களையும் தனியே காணப் புறப்படுகிறான் என்று கொள்வோம். கோலாலம்பூரில் அவன் கண்ணை முதலில் ஈர்ப்பது 1998இல் கட்டி முடிக்கப்பட்ட, 452 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரம். பத்துமலையின் 272 படிகளையும் ஏறி இறங்குகிறான். வழி தெரியாமல் நிற்கும்போது அருகில் இருந்தவரைக் கேட்கிறான். அவர் வழியைச் சொல்வதோடு நில்லாமல், “தம்பிக்கு எந்த ஊரு?” என்று கேட்டு, சந்து முனை வரை கூடவே நடந்து வருகிறார். நள்ளிரவு கடந்தும் மாமாக் கடையில் விளக்கு எரிகிறது. தே தாரேக் குவளையுடன் அமர்ந்தவனிடம் எதிரே இருப்பவர் தாமாகவே பேச்சைத் தொடங்குகிறார். அதே நகரில் அவன் நடந்து வந்த நடைபாதை, காரணம் எதுவுமின்றி ஒரு சாக்கடையின் விளிம்பில் முடிந்துபோகிறது. சாலையைக் கடக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டியுள்ளது. மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பறித்துச் செல்வோர் உண்டு என்று எச்சரிக்கப்பட்டதால், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கிறான்.

அடுத்துச் சிங்கப்பூர் செல்கிறான். 1987இல் ஓடத் தொடங்கிய பெருவிரைவு ரயில் அவனை வேண்டிய இடத்திற்குக் கொண்டு சேர்க்கிறது. வழி கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. அம்புக்குறிகளே வழி சொல்கின்றன. தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளுள் ஒன்று. பொது அறிவிப்புகளில் தன் தாய்மொழியைக் கண்டு அவன் நெஞ்சு நிமிர்கிறது. ஒருகாலத்தில் நாற்றம் வீசிய சிங்கப்பூர் ஆறு, 1977இல் தொடங்கிய பத்தாண்டு முயற்சியால் தூய்மை பெற்று ஓடுகிறது. நள்ளிரவில் ஓர் இளம்பெண் தன்னந்தனியே தன் அடுக்குமாடி வீட்டை நோக்கி நடந்து செல்வதைக் காண்கிறான். ஆயினும், மூன்று நாள் தங்கியும் அவனோடு எவரும் ஒரு சொல் பேசவில்லை என்பது ஊர் திரும்பும் பேருந்தில்தான் அவன் நினைவிற்கு வருகிறது.

அவன் தீர்ப்பு என்னவாக இருக்கும்? “சிங்கப்பூர் ஒழுங்கின் நகரம், கோலாலம்பூர் ஈரத்தின் நகரம்” என்பான். சொல்வதற்கு எளிதாகவும் கேட்பதற்கு இனிதாகவும் உள்ள தீர்ப்பு இது. ஒழுங்கை விரும்புவோர் ஒரு பக்கமும் ஈரத்தை விரும்புவோர் மறுபக்கமும் நின்று வாதிடப் பட்டிமன்றமே அமைக்கலாம். ஆனால் இத்தீர்ப்பு இரு வகையில் குறையுடையது.

முதலாவது, ஈரம் ஆளைத் தேர்ந்தெடுக்கும் இயல்புடையது. இளைஞனிடம் “எந்த ஊரு?” என்று அன்பொழுகக் கேட்ட அதே தெருவில், தனியே வந்த இளம்பெண்ணிடம் “தனியாவா வந்தீங்க?” என்று கேட்கப்படுகிறது. சொற்கள் வேறு அல்ல. கேட்கும் கண் வேறு. அவனுக்கு விருந்தோம்பலாகத் தோன்றிய பேச்சு அவளுக்கு விசாரணையாகத் தோன்றலாம். சில வேளைகளில் அச்சுறுத்தலாகவும் முடியலாம். மொழி தெரிந்தவனுக்கும், முகம் ஒத்தவனுக்கும், நல்ல சட்டை அணிந்தவனுக்கும் கிடைக்கும் அன்பு ஏனையோர்க்குக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. தெருவிளக்கு அவ்வாறு ஆள் பார்த்து எரிவதில்லை. ஓடும் ரயில் எவர் எக்குலம் என்று கேட்டுக் கதவைத் திறப்பதில்லை. வலிமையற்றவனுக்கு ஒழுங்கே முதற் காவல். இதனை உணராமல், ஒழுங்கு நிறைந்த ஊரை ‘உயிரற்ற ஊர்’ என்று இகழ்வோர், தாம் வலிமையுடையோராய்ப் பிறந்ததை மறந்தவரே ஆவர்.

இரண்டாவது, ஒழுங்கும் ஈரமும் வேறு வேறு நகரங்களின் தனிச்சொத்து அல்ல. சிங்கப்பூரின் உணவங்காடியில், உணவு வாங்கச் செல்வோர் மேசையின்மேல் ஒரு டிஷ்யூ தாள் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போகின்றனர். அடுத்து வருவோர் அதனை எடுத்தெறிந்துவிட்டு அமர்வதில்லை. இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. முகம் தெரியாதவர்மேல் முகம் தெரியாதவர் வைத்த நம்பிக்கை அது. வாய் பேசாத அந்நகரத்தார், ஒரு சிறு பொட்டலத்தால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கின்றனர். அதே மேசையில் உண்டபின் தட்டை எடுத்துத் திரும்ப வைப்பதற்கோ, 2021இல் தண்டம் விதிக்கும் சட்டம் தேவைப்பட்டது. ஒரே மேசையில் சட்டமில்லா நம்பிக்கையும் உண்டு. சட்டத்தால் வந்த பழக்கமும் உண்டு. மறுபுறம், 1881இன் அழிவிற்குப்பின் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்ற ஆணையால்தான் கோலாலம்பூர் உருப்பெற்றது. 1996இல் இலகு ரயிலும், 2017இல் சுங்கை பூலோவிலிருந்து காஜாங் வரையிலான பெருவிரைவு ரயிலும் அந்நகரின் போக்குவரத்தைச் சீர்செய்யத் தொடங்கின. ஆகவே, ‘இங்கே ஒழுங்கில்லை, அங்கே ஈரமில்லை’ என்பது ஊரை அறிந்தவன் பேச்சன்று.

இன்னும் நுணுகி நோக்கினால், ஒழுங்கு என்பதே உறைந்து நிலைபெற்ற ஈரம் என்பது விளங்கும். புக்கிட் ஹோ சுவீ தீயில் வீடிழந்தவரைக் கண்டு இரங்கியோர் அன்று பலர் இருந்திருப்பர். அவ்விரக்கம் அன்றிரவு ஒரு போர்வையாகவும் ஒரு கவளம் சோறாகவும் மட்டும் நின்றிருந்தால், மறுவாரம் மறைந்திருக்கும். 1960இல் நிறுவப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எரிந்த அதே நிலத்தில் அடுக்குமாடி வீடுகளை எழுப்பியபோதுதான் இரக்கம் ஒழுங்காக மாறியது. ஈரம் தொடங்கி வைக்கிறது. ஒழுங்கு தொடர்ந்து நடத்துகிறது. ஒன்றை மற்றதற்குப் பகையாக்குவது, வேரையும் கிளையையும் சண்டைக்கு விடுவதற்கு ஒப்பாகும்.

பயணியின் கோலில் மற்றொரு பிழையும் உண்டு. அவன் தன் வசதியை ஊரின் தகுதியாக எண்ணிவிடுகிறான். இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வருபவன் கோலாலம்பூரில் வயிறார உண்டு, “எவ்வளவு மலிவு!” என்று மகிழ்கிறான். ஈப்போ இளைஞனோ சிங்கப்பூரில் ஒரு கோப்பைக் காப்பிக்குக் காசு எண்ணும்போது, “எவ்வளவு கொள்ளை!” என்று மனம் நோகிறான். இருவரும் கூறுவது ஊரைப் பற்றியன்று. தம் பணப்பையைப் பற்றி. மலிவாகக் கிடைத்த அந்த உணவைச் சமைத்தவனின் மாதச் சம்பளம் என்ன, அவன் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று இருவரும் கேட்பதில்லை. விருந்தாளிக்கு ஊர் காட்டும் முகம் ஒன்று. வேலையாளுக்குக் காட்டும் முகம் வேறு. கடப்பிதழும் திரும்பிச் செல்லும் பயணச்சீட்டும் கையில் உள்ளவன் அந்நியனே எனினும் காவலுள்ள அந்நியன். அவனைக் கொண்டு ஒரு நகரின் அறத்தை முழுதும் அளந்துவிட இயலாது.

அவ்வாறாயின், நகரத்தை அளக்கும் கோல் எது? தமிழ் மாணவர் இதற்கு வெகுதொலைவு செல்ல வேண்டுவதில்லை. இரு மாநகரங்களில் ஒருவன் வாழ்வு எவ்வாறு வேறுபட்டது என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. புகார் நகரில் கோவலன் பெருவணிகன் மாசாத்துவானின் மகன். தெருவில் நடந்தால் ஊரே அவன் பெயரை அறியும். மதுரைக்குச் சென்றபோதோ அவன் பெயரற்றவன். அவன் இன்னான் என்று சொல்லச் சான்று கூறுவார் ஒருவரும் இல்லை. கையில் ஒரு சிலம்பு மட்டும் இருந்தது. பொற்கொல்லன் ஒருவனின் பொய்யுரை போதுமானதாயிற்று. விசாரணை இன்றியே கொலையுண்டான். மதுரையின் மாட மாளிகைகளும் செல்வம் கொழிக்கும் வீதிகளும் அவன் உயிரைக் காக்கவில்லை. பெயரறிந்தவனுக்கு நீதி வழங்குவது எந்நகரத்திற்கும் எளிது. பெயரற்று வந்தவனுக்கு நீதி வழங்குவதே நகரத்தின் அறத்திற்கு உரைகல்.

அக்காப்பியம் இன்னொன்றையும் கற்பிக்கிறது. கோவலனைக் கொன்ற அதே மதுரையில்தான் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டி இருந்தாள். முன்பின் அறியாத கணவன் மனைவிக்குத் தன் மனையில் அடைக்கலம் தந்தாள். அடைக்கலப் பொருளைக் காக்க இயலவில்லையே என்ற துயரால் பின்னர்த் தீப்புகுந்து மாண்டாள். அரண்மனையும் மதுரைதான், மாதரியின் மனையும் மதுரைதான். எதனைக் கொண்டு மதுரையை மதிப்பிடுவது? கணவனை இழந்து சினத்தின் எல்லையில் நின்ற கண்ணகிகூட, நகரை எரியூட்டும்போது நல்லோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடுமாறு தீக்குக் கட்டளையிட்டாள். ஆற்றொணாத் துயருற்ற ஒருத்தி ஊர் முழுவதையும் ஒரே தீர்ப்பில் அடக்க மறுத்தாள். நான்கு நாள் தங்கி வந்தவன், “அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான்” என்று கூறுவது எத்துணை எளிமையான அநீதி!

பெயரற்றவன் என்னும் இக்கோலைக் கொண்டு இன்றைய இரு நகரங்களையும் அளந்தால், இரண்டுமே தலைகுனிய நேர்ந்த ஓராண்டு 2020. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் சிங்கப்பூரில் அவ்வாண்டு பதிவான தொற்றுகளில் மிகப் பெரும்பகுதி அயல்நாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் நேர்ந்தது. தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்து, அந்நகரின் கட்டடங்களை எழுப்பியோர், அறைக்குப் பன்னிரண்டு பேரும் அதற்கு மேலுமாக நெருங்கி வாழ்ந்ததே அதற்குக் காரணம். தொற்றுற்றோர்க்கு அரசு தன் செலவில் மருத்துவம் அளித்தது. அது பாராட்டத் தக்கது. ஆயினும் நகர மக்கள் வெளியே நடமாடத் தொடங்கிய பின்னரும் அவர்கள் நெடுநாள் விடுதிகளுக்குள் அடைபட்டிருந்தனர். ஒழுங்கின் கண்ணுக்கும் தெரியாத ஒரு மூலை இருந்தது.

கோலாலம்பூரில், ஆவணமற்றோரும் அஞ்சாமல் பரிசோதனைக்கு வரலாம் என்று மார்ச்சுத் திங்களில் அறிவிக்கப்பட்டது. மே 1ஆம் நாள், தொழிலாளர் தினத்தன்று, மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் குடிநுழைவுச் சோதனை நடந்தது. நூற்றுக்கணக்கான அயல்நாட்டினர் பிடித்துச் செல்லப்பட்டனர். “எந்த ஊரு?” என்று பரிவோடு கேட்கும் தெருக்களில், அன்று அதே கேள்வி வேறு குரலில் கேட்கப்பட்டது. ஈரத்தின் எல்லையும் ஒரு தாளின் விளிம்போடு முடிந்தது.

ஆனால் இரு நகரங்களிலும் அந்நாள்களில் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து சென்ற தொண்டர்கள் இருந்தனர். மாதரியின் மரபு அழிந்துவிடவில்லை. அவர்களையும் சேர்த்துத்தான் நகரம்.

இக்கோல் பயணியையும் அளக்கும் என்பதை மறத்தல் ஆகாது. ஓர் ஊரில் நான்கு நாள் தங்கியவன் அவ்வூரிடமிருந்து நிழலும் நீரும் வழியும் பெற்றான். அவன் அவ்வூருக்குக் கொடுத்தது என்ன? மேசையைத் துடைத்த முதியவரின் முகத்தை ஒருமுறையேனும் நிமிர்ந்து பார்த்தானா? தன் ஊருக்கு நாளை ஓர் அந்நியன் வந்தால், அவனை எவ்வாறு நடத்துவான்? தனியே பயணம் செய்வதன் பெரும்பயன் இதுதான். குழுவாகச் செல்பவன் தன் ஊரையே உடன் கொண்டு செல்கிறான், அவன் அந்நியனாவதில்லை. தனியே செல்பவன் சில நாளேனும் பெயரற்றவனாகிறான். வழி தெரியாத கலக்கத்தையும், எவரேனும் பேசமாட்டாரா என்ற ஏக்கத்தையும், இரவில் பின்னால் கேட்கும் காலடிக்கு அஞ்சும் அச்சத்தையும் அவன் சிறிதளவு சுவைக்கிறான். அச்சுவையை மறவாதவனே, தன் ஊர் திரும்பியபின் அயலானைக் கண்டு முகம் திருப்பமாட்டான்.

பள்ளிகளில் ‘நான் கண்ட நகரம்’ என்று கட்டுரை எழுதச் சொல்வது நெடுநாள் வழக்கம். மாணவர் கோபுரத்தின் உயரத்தை எழுதுவர். கடைகளின் வரிசையை எழுதுவர். “மீண்டும் செல்ல ஆவல் கொண்டேன்” என்று முடிப்பர். ஆசிரியர் அத்தலைப்பின் கீழ் ஒரு வினாவை மட்டும் சேர்த்துக் கொடுத்தால் போதும்: ‘அங்கே யாருமற்றவர் எவ்வாறு வாழ்கின்றனர்?’ இவ்வினாவிற்கு விடை தேடிய மாணவன், கட்டடங்களை எண்ணிய கண்ணால் மனிதரையும் எண்ணத் தொடங்குவான். இரு ஊர்களை ஒப்பிடும்போதும், எது உயர்ந்தது என்ற வழக்கை விடுத்து, ஒன்றனிடம் மற்றொன்று கற்க வேண்டியது யாது என்று கேட்பான். கோலாலம்பூரின் நடைபாதைக்குச் சிங்கப்பூர் ஒரு பாடம். சிங்கப்பூரின் மௌனத்திற்குக் கோலாலம்பூரின் கடை மேசை ஒரு பாடம். விடுதிக் கதவுக்கும் குடிநுழைவு வண்டிக்கும் முன்னால் இரண்டும் ஒரே வகுப்பில் அமர வேண்டிய மாணவர்கள்.

ஒப்பீடு இகழ்ச்சியில் முடியுமாயின், அப்பயணம் கால்களுக்கு மட்டுமே களைப்பைத் தந்தது. தன் ஊரில் தான் செய்ய வேண்டிய ஒரு கடமையில் முடியுமாயின், அதுவே அறிவுப் பயணம்.